மணி கட்டிய பன்றி

கிளிநொச்சியில் வயற்காவல் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

இரவு. காவற்கொட்டில். வேலியோரம் சலசலப்பு. கழுத்துமணி கேட்டால் காவல்காரர் பேசாமல் இருப்பார். அது வீட்டு மாடு. மணி இல்லையென்றால் பன்றி. பொல்லைத் தூக்குவார்.

நம் இரத்தத்திலும் இப்படிக் காவல்காரர் உண்டு. டி அணுக்கள் என்பார்கள். அவற்றின் மேற்பரப்பில் காது போல ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஏற்பி. 'இது நம்முடையது, அடிக்காதே' என்ற மணியோசையை அந்தக் காது கேட்கும்.

சில புற்றுநோய்கள் பொல்லாத கள்ளர். தாமும் ஒரு மணியைக் கட்டிக்கொள்கின்றன. மணி கட்டிய பன்றி! காவல்காரர் ஏமாந்துபோகிறார்.

பிடி-1 எனும் இந்தக் காதை 1992இல் கண்டறிந்தது ஜப்பானின் தசுகு ஹொன்ஜோ குழு. அந்தக் காதில் பஞ்சு வைப்பதுதான் புது மருந்தின் வேலை. மணி கேட்காது, அடி விழும். 2018இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனோடு ஹொன்ஜோ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பஞ்சு வைத்தால் சிலவேளை வீட்டு மாட்டுக்கும் அடி விழும். குடலும் தோலும் புண்படலாம். எல்லாப் புற்றுநோய்க்கும் இது சரிவராது.

காவல்காரருக்குப் புதுக் காதே பொருத்தினால்? மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் அதைச் செய்தன. நோயாளியின் டி அணுக்களை வெளியே எடுத்து, புது ஏற்பி பொருத்தி, திரும்ப ஏற்றுகிறார்கள். சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கான அந்தச் சிகிச்சைக்கு, நெக்ஸ்கார்19 என்ற பெயரில், 2023 ஒக்டோபரில் இந்தியா அனுமதி கொடுத்தது.