கட்டியங்காரன் கேட்ட கேள்வி

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்தும் சேர்ந்துதான். நள்ளிரவு. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் கண்ணாடிச் சில் பதித்த கட்டைக் கிரீடத்தோடு துரியோதனன். சலங்கை அதிர்கிறது. திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே வருகிறான். "மகாராஜா தேர்லயா வந்தீங்க? எங்க ஊர் ரோட்டுலயா? சக்கரம் இன்னும் இருக்குதா?" கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். முன்வரிசையில் இருக்கும் ஊர்ப் பெரியவரும் சிரித்துத்தான் ஆக வேண்டும்! ராஜாவைப் புகழ்ந்து கட்டியம் கூற வைத்த ஆளே இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை.

இப்படி மேடையிலிருந்து வரும் கேலியை ஆட்சியாளர்கள் சும்மா விடுவார்களா? 1876-இல் ஆங்கிலேயர் நாடகங்களை அடக்கச் சட்டம் போட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகும், 1954-இல், சென்னை மாநிலத்தில் இன்னொரு சட்டம் வந்தது. நடிகர் எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள்தான் அதன் முக்கியக் குறி. வசனத்தை அதிகாரிகளிடம் காட்ட வேண்டிய நிலை வந்தது. கட்டியங்காரனிடம் எதைக் காட்டச் சொல்வது? அவன் கையில் ஏடும் இல்லை, தாளும் இல்லை. சாயங்காலம் டீக்கடையில் காதில் விழுந்ததுதான் ராத்திரி வசனம்.