பழைய ஹெரால்டு வாங்கப் போறீங்களா? இன்ஜினைக் கடைசியா பாருங்க

நமக்கு வர்ற குரல் செய்திகள்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: "எங்க ஊர்ல ஒரு பழைய கார் பல வருஷமா நிக்குது. வாங்கலாமா சார்?" கேட்கறவர் கூடவே "இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது" என்றோ "ஆகலை" என்றோ சொல்வார். என் அனுபவத்துல அது கடைசியா கேட்க வேண்டிய கேள்வி. பழைய கார்ல எதைத் திரும்பச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது, இதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சாப் போதும். இன்னைக்கு அதை என்னோட ஸ்டாண்டர்டு ஹெரால்டை வெச்சே சொல்றேன்.

ஹெரால்டு நம்ம சென்னை வண்டி. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-ல வந்தது. வடிவமைச்சவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் மெட்ராஸ்ல அதைத் தயாரிச்சது. 948 சி.சி. இன்ஜின். முன்பக்க மட்காடோட சேர்ந்து மொத்த பானெட்டும் முன்பக்கமா கவிழ்ந்து திறக்கும். 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். அப்புறம் இங்கே நாலு கதவு வண்டியும் செஞ்சாங்க. அது இங்கிலாந்துல வரவே இல்லை. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நான் வாங்கினது 1969 மாடல், நாலு கதவு. கும்பகோணம் பக்கத்துல ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில நின்னது. வண்டிக்காரர் இறந்து பல வருஷம் ஆச்சு. அவர் மகள்தான் விக்கணும்னு சொன்னாங்க. பழைய இரும்புக்காரர் ஏற்கெனவே வந்து விலை பேசிட்டுப் போயிருந்தார். அந்த அம்மா என்கிட்ட சொன்னது ஒண்ணுதான்: "தம்பி, அப்பா வண்டியை உடைக்கறதா இருந்தா அவருக்கே கொடுத்துடறேன். ஓட்டறதா இருந்தா நீங்க எடுத்துக்கோங்க."

முதல்ல பேப்பர். ஆர்.சி. இறந்தவர் பேர்ல இருந்தா, மகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா மட்டும் வண்டி உங்களுதாகாது. முதல்ல வாரிசு பேருக்கு மாத்தணும், அதுக்குப் படிவம் 31. வாரிசுச் சான்றிதழ் வேணும், மத்த வாரிசுகளோட சம்மதமும் வேணும். அந்த அம்மாவுக்குத் தம்பி ஒருத்தர் வெளிநாட்டுல இருந்தார். அவர் சம்மதக் கடிதம் வந்து சேரவே சில மாசம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் படிவம் 29, 30 போட்டு என் பேருக்கு மாத்தினோம். அவசரப்படாதீங்க. ஆர்.சி. சரியில்லாத வண்டியை எவ்வளவு பளபளப்பா ஆக்கினாலும் ரோட்டுல எடுக்க முடியாது. ஆர்.சி.யில இருக்கற சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் வண்டியில தேடி, துருவைச் சுரண்டி, ஒத்துப் பாருங்க.

இங்கே ஒரு சட்ட விஷயம். 2021-ல மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குன்னு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின டூவீலர், கார் இதுல வரும். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது. தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ அனுமதி இல்லை. "ஒரு டீசல் இன்ஜின் போட்டுடலாம் சார், மைலேஜ் கிடைக்கும்"னு பட்டறையில சொல்வாங்க. அதைச் செஞ்சா இந்தத் தகுதி போயிடும்.

ரெண்டாவது சேஸிஸ். ஹெரால்டுல பாடி தனி, சேஸிஸ் தனி. பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. நடு முதுகெலும்பு கனமானது, தாங்கும். பக்கத்துல நீட்டியிருக்கற கைகள்தான் முதல்ல துருப்பிடிக்கும். வண்டிக்கு அடியில படுத்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. உள்ளே போச்சுன்னா வெல்டிங் செலவு நிச்சயம். கதவு திறந்து மூடும்போது கீழே உரசினா, சேஸிஸ் தொய்ஞ்சிருக்கலாம்.

மூணாவது, கிடைக்காத பாகங்கள். இன்ஜின் பாகம், பிரேக் பாகம், முன் சஸ்பென்ஷன் எல்லாம் இங்கிலாந்துல இன்னும் கிடைக்குது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்லயும் ஏறக்குறைய இதே முன் சஸ்பென்ஷன்தான். ஆனா பின் கதவு, அதோட கண்ணாடி, அந்தப் பக்கத்து பீடிங் எல்லாம் நம்ம ஊர்ல மட்டும் செஞ்சது. உடைஞ்சா புதுப்பேட்டையில தேடணும், இல்லேன்னா செத்துப்போன இன்னொரு ஹெரால்டைத் தேடணும். என் வண்டியில இன்ஜின் இறுகிப் போயிருந்தது. ஆனா நாலு கதவுக் கண்ணாடியும் கீறல் இல்லாம இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அடுத்து, கொண்டுவர்றது. பல வருஷம் நின்ன வண்டியை "மெதுவா ஓட்டிட்டே போயிடலாம்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஃபிளாட்பெட் லாரிதான். அதுக்கு முன்னாடி நாலு சக்கரமும் சுத்தணும். பிரேக் ஷூ டிரம்மோட துருவால ஒட்டிக்கிட்டிருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுத்தித் தட்டினா விடும். இழுத்தீங்கன்னா டயர் தேயும், அச்சு முறுக்கும். டேங்க்ல இருக்கற பழைய பெட்ரோலை வடிச்சிடுங்க, பேட்டரியைக் கழட்டிடுங்க.

லாரி மேல ஏத்தினதும் பெல்ட்டை டயர் மேல போட்டுக் கட்டச் சொல்லுங்க. பம்பர்லயோ, துருப்பிடிச்ச கைகள்லயோ கொக்கி மாட்ட விடாதீங்க. ஹேண்ட்பிரேக்கை நம்பாம சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க. ஹெரால்டுக்குன்னு ஒண்ணு: வண்டியோட மூஞ்சி லாரி போற திசையில இருக்கணும். பானெட்டோட கீல் முன்னாடி இருக்கறதால, திருப்பி ஏத்தினா காற்று பின்விளிம்பைத் தூக்கிடலாம். அதுக்கு மேல ஒரு கயிறும் போட்டோம். சுமார் 300 கிலோமீட்டர். விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு தாண்டி, வண்டலூர் வழியா பெருங்களத்தூர் வந்தோம். அந்த வண்டி பிறந்த தொழிற்சாலை இருந்த பகுதி அது.

இப்போ வேலை. வரிசை முக்கியம்: நிக்கறது, திரும்பறது, அப்புறம்தான் ஓடறது.

பிரேக்ல மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதுசு போட்டேன். பார்க்க நல்லா இருக்கற பழைய ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும்.

அடுத்தது ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கற செங்குத்துத் தண்டு, கீழே ஒரு பித்தளைக் கட்டைக்குள்ள மரையா இறங்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரைதான் சுத்தும். அதுக்கு கிரீஸ் போடக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் போடணும். கிரீஸ் இறுகி, தண்ணி உள்ளே போய் துரு ஏறினா, ஓடிட்டிருக்கும்போதே தண்டு முறிஞ்சு சக்கரம் மடங்கிடும். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. என் வண்டியில பிரிச்சுப் பார்த்தப்போ வலது பக்கத் தண்டுல மரைக்கு மேலே துரு அரிச்சு மெலிஞ்சிருந்தது. ரெண்டு பக்கமும் மாத்தினோம். ஹெரால்டு வெச்சிருக்கற யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, இந்த வாரமே பாருங்க. இதுல உயிர் சம்பந்தப்பட்டிருக்கு.

பெட்ரோல் லைன்ல ரப்பர் எல்லாம் மாத்துங்க. இப்போ வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை அது கெடுத்துடும். பேட்டரி மாட்டறதுக்கு முன்னாடி எர்த் எந்தப் பக்கம்னு பாருங்க. அந்தக் கால இங்கிலாந்து வடிவமைப்புகள்ல பாசிட்டிவ் எர்த் சகஜம்.

இறுகின இன்ஜினுக்கு, பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டுக் காத்திருந்தோம். தினமும் கையால மெல்ல அசைச்சோம். பத்தாவது நாள் சுத்திடுச்சு. ஸ்டார்ட்டரைக் கொடுத்து முரட்டுத்தனமா சுத்தினா பிஸ்டன் ரிங் உடையும். பெயின்ட் அடிச்சது எல்லாத்துக்கும் கடைசியிலதான். முதல்லயே அடிச்சா வெல்டிங் வரும்போது ரெண்டாவது தடவை அடிக்க வேண்டி வரும்.

உங்க ஊர்ல நிக்கற வண்டியைப் பார்க்கப் போறப்போ ஒரு டார்ச்சும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துட்டுப் போங்க. ஆர்.சி.யைக் கேளுங்க, அடியில படுங்க, கண்ணாடிகளை எண்ணுங்க. இந்த மூணும் சரியா இருந்தா விலை பேசுங்க. என்ன பார்த்தீங்கன்னு குரல் செய்தியா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.