நாலு பேர் போனோம், மூணு பேர் பார்த்தோம்

(‘வெளிநாட்டுச் சுற்றுலாவில் பெரிதும் மகிழ்ச்சி தருவது வாடகைக் காரே! ரயிலும் பஸ்ஸுமே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘ரயிலும் பஸ்ஸுமே’ என்னும் அணியில் பேசியது)

அன்பிற்குரிய நடுவர் அவர்களே, காரை விட்டு இறங்கவே மாட்டோம் என்று அடம்பிடித்து எதிரே உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, வீட்டிலே சமையலை முடித்துவிட்டும் முடிக்காமலும் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார், “கார் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்த நேரத்தில் கிளம்பலாம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அம்மா, காரை ஓட்டியது யார்? நீங்களா, உங்க வீட்டுக்காரரா? அதைச் சொல்லவே இல்லையே! (சிரிப்பு) வழக்கே அங்கேதானே இருக்கு, நடுவர் அவர்களே.

நான் சுவிட்சர்லாந்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை வாடகைக் கார். இரண்டாம் முறை ரயில். ஆகவே இந்த வழக்கில் நான் வக்கீல் மட்டுமல்ல, சாட்சியும்கூட.

முதல் முறை நான், என் மனைவி, மகன், மகள். டிக்கெட் எடுத்தது மகன். அவன் சம்பளம், அவன் லீவு. காரையும் அவன்தான் ஓட்டினான். இங்கே இடப்பக்கம் ஓட்டிப் பழகிய பிள்ளை. அங்கே வலப்பக்கம் ஓட்டணும். ஸ்டியரிங் இடது பக்கம். இன்டிகேட்டர் போடலாம் என்று கையை வைத்தால் வைப்பர் ஆடுது! மழையே இல்லாத ஊரில் ஐந்து நாள் வைப்பர் போட்டுக்கொண்டு போன ஒரே குடும்பம் எங்கள் குடும்பம். (பலத்த சிரிப்பு) பின் சீட்டிலிருந்து நான், “டேய், வலது பக்கம் போடா!” என் மனைவி, “அவனைத் திட்டாதீங்க, ஓட்டும்போது யாரும் பேசக் கூடாது!” முன் சீட்டில் என் மகள், “அண்ணா, திரும்ப வேண்டிய இடம் போயிடுச்சு!”

ஊருக்கு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோ பார்த்துக்கொண்டிருந்தோம். லாட்டர்புருன்னன் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஸ்டௌப்பாக் அருவி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. காற்று வேகமாக அடித்தால் தரைக்கு வருவதற்குள் பாதித் தண்ணீர் புகையாய்ப் போய்விடும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மகன் கேட்கிறான்: “அப்பா, இது எந்த இடம்? இங்கே நான் வரலையா?”

நாங்கள் மூணு பேரும் அருவியின் அடியில் நின்றபோது, அவன் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தான். நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் போனோம், மூணு பேர் பார்த்தோம்.

அதனால் அடுத்த முறை, மகளுக்குப் பரீட்சை என்பதால் மூன்று பேராகக் கிளம்பியபோது, “கார் வேண்டாம்டா” என்று நானே சொல்லிவிட்டேன்.

அந்த நாட்டின் பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் இருப்புப்பாதை 5,000 கிலோமீட்டருக்கு மேல். 1982-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு வண்டி 8 மணி 2 நிமிடத்துக்கு என்றால் அடுத்தது 9-2, அதற்கடுத்தது 10-2. ஒரு நிமிடத்தை மனப்பாடம் பண்ணினால் நாள் முழுக்கப் போதும்! பெரிய சந்திப்புகளில் பல திசை வண்டிகளும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து கூடும். ஜனங்கள் மாறி ஏறியதும் பிரிந்து போகும். இறங்கிய இடத்தில் மஞ்சள் நிறத் தபால் பஸ் காத்து நிற்கும். முன்காலத்தில் தபால் சுமந்த குதிரை வண்டிகளின் வாரிசு அது. பாணனுக்கும் கூத்தனுக்கும் வழி சொல்வதற்கென்றே நம்மிடம் ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகை உண்டு அல்லவா? அந்த ஊர் டைம்டேபிளை நான் ஆற்றுப்படை வரிசையில் சேர்த்துவிட்டேன். (கைதட்டல்)

சுவிஸ் டிராவல் பாஸ் என்று ஒன்று தருகிறார்கள். 3 நாளுக்கும் உண்டு, 15 நாள் வரைக்கும் உண்டு. ரயில், பஸ், டிராம், ஏரிக் கப்பல் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. சில மலை உச்சிகளுக்கு மட்டும் தனியாகக் காசு, அதிலும் தள்ளுபடி. லுசேர்னில் கப்பல் ஏறி, விட்ஸ்னாவில் இறங்கினோம். எதிரிலேயே பல்சக்கர ரயில். 1871-இல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் அதுதான். ரிகி மலைக்கு மேலே ஏறும்போது என் மனைவி, “நம்ம ஊட்டி ரயில் மாதிரியே இருக்குங்க” என்றாள். தப்பில்லை. ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊரில் செய்தவை. பெண் கொடுத்த வீடு!

“நினைத்த இடத்தில் நிறுத்தலாம்” என்றீர்களே, செர்மாட்டில் நிறுத்திக் காட்டுங்கள் பார்ப்போம். 5 கிலோமீட்டர் முன்னாலேயே டேஷ் என்ற ஊரில் உங்கள் காரை ஓரங்கட்டிவிட்டு, நாங்கள் போகிற அதே ரயிலில்தான் நீங்களும் வரணும். (கைதட்டல்)

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊறுகாய் ஜாடி, மின்சார குக்கர், நாலு பெட்டி என்று போகிறவர்களுக்கு ரயில் கஷ்டம்தான். சில மலைக் கிராமங்களில் கடைசி பஸ் சாயங்காலமே போய்விடும். அமெரிக்கப் பாலைவனத்தைப் பார்க்கப் போகிறவரிடம் போய் நான் ரயில் பெருமை பேசமாட்டேன்.

நாங்களும் தப்புப் பண்ணினோம். மகனுக்கு அந்த அருவியைக் காட்டணும் என்று இன்டர்லாக்கனில் ரயில் ஏறினோம். அந்த வண்டி வழியில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னன், மறுபாதி கிரிண்டல்வால்ட். பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. தமிழில் டாக்டர் பட்டம் வாங்கிய நான் அதைப் படிக்கவில்லை! (சிரிப்பு) கிரிண்டல்வால்டில் போய் இறங்கினோம். காராக இருந்தால் யார் வழி தவறியது என்று ஒரு போர் நடந்திருக்கும். இங்கே யாரைத் திட்டுவது? திரும்பிப் போக அரை மணியில் வண்டி. எதிரே ஐகர் மலை. பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள் என் மனைவி.

அப்போது மகன் மெதுவாக, “அம்மா, எனக்கு இந்த வேலை பிடிக்கலைம்மா. எட்டு மாசமா ராத்திரி தூக்கமே வரலை” என்றான்.

முதல் முறை போனபோது ஐந்து நாள் ஒரே காருக்குள் இருந்தோம், நடுவர் அவர்களே. ‘ஓட்டும்போது யாரும் பேசக் கூடாது’ என்று சட்டம் போட்டதும் நாங்கள்தான். இந்த முறை அவன் கையில் ஸ்டியரிங் இல்லை. அம்மா கொடுத்த புளியோதரை இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த அரை மணி வண்டியை விட்டுவிட்டோம். அதற்கு அடுத்ததில்தான் போனோம்.

நடுவர் மணி அடிக்கிறார். அருவியைப் பார்த்தானா என்று கேட்பீர்கள். பார்த்தான், நனைந்தான். இந்த முறை போட்டோ எடுத்தது அவன்தான்.

(நீண்ட கைதட்டல்)