கருவியும் கையேடும்

(ஆனையிறவில் நிகழ்த்திய உரை)



நாம் ஏவியதைத் தாமே தேடித் தரும் செயற்கை அறிவு முகவர் நிரல்கள் இன்று வந்துள்ளன. தேடற் கருவி முன்வைப்பதையே அவை பெரிதும் நம்புகின்றன. 1998இல் பேஜ், பிறின் என்போர் வெளியிட்ட முறை, பிற பக்கங்களின் இணைப்புகளைக் கொண்டு ஒரு பக்கத்தின் நிலையைக் கணித்தது. இணைப்புக் குறைந்த சிற்றூர்ப் பக்கம் அம்முறையிற் பின்னே நிற்கும்.

நம் ஊரை 'ஆனையிறவு' என்போம்; 'யானையிறவு' என்று எழுதுவாரும் உளர்; ஆங்கிலத்தில் 'எலிபன்ற் பாஸ்'. இம்மூன்றையும் கருவி ஒன்றாகக் கொள்ளுமா? ஈழத்து நூல்களை 2005 முதல் இணையத்திற் சேர்த்துவரும் 'நூலகம்' அதன் தேடலில் அடங்குமா? கையேடே சொல்லவேண்டும். மனிதன் ஐயமுற்றால் அயலவரைக் கேட்பான். நிரலுக்கோ கையேடே வழிகாட்டி. கையேடு மௌனமானால், "ஆனையிறவு பற்றி ஒன்றுமில்லை" என்று அது துணிந்து கூறிவிடலாம்.

ஆகவே கையேட்டை அழகால் மதியாது சோதனையால் மதிப்போம். அதனை நிரலிடம் கொடுத்து, நாம் விடையறிந்த பத்து வினாக்களைக் கேட்போம். தவறுமிடத்தில் கையேட்டில் எவ்வரி குறைந்ததென்று பார்ப்போம்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. எஞ்சியிருக்கும் ஏட்டையும் இல்லையென்று சொல்ல விடுவது இரண்டாம் இழப்பன்றோ?