பாலூட்டும் பன்றியின் வரவு செலவு



பன்றியைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆயின், ஈற்றொன்றுக்கு எட்டு, பத்துக் குட்டிகளைத் தந்து, ஏறத்தாழ ஓராண்டில் இருமுறை ஈனும் கால்நடை ஏழை உழவனுக்கு வேறு எது? அவ்வருவாயில் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரைத் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நான் அறிவேன். ஆதலின், பாலூட்டும் நாட்களில் தாய்ப் பன்றி ஏன் மெலிகிறது என்பதை இன்று கூற விழைகிறேன்.

கணக்குப் பாடம் நடத்திய எனக்கு இது ஒரு வரவு செலவுக் கணக்காகவே தோன்றுகிறது.

முதலில் செலவைப் பார்ப்போம். குட்டிகளின் எடை ஒரு கிலோ கூடுவதற்கு ஏறத்தாழ 4 கிலோ பால் வேண்டும். பத்துக் குட்டிகள் நாள்தோறும் 200 கிராம் வீதம் வளர்ந்தால், மொத்தம் 2 கிலோ. அதற்குத் தாய் சுரக்க வேண்டிய பால் 8 கிலோ. அதுவும் பசும்பாலினும் கொழுப்பு மிகுந்த பால். மூன்றாம் வாரத்தையொட்டிப் பால் சுரப்பு உச்சத்தை எட்டும். குட்டிகள் பெருகினாலும், பாலூட்டும் நாட்கள் நீண்டாலும் செலவு ஏறும்.

இனி வரவு. தன் உடலைப் பேணத் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 2 கிலோ தீவனம் வேண்டும். குட்டியொன்றுக்கு அரைக் கிலோ வீதம் பத்துக் குட்டிகளுக்கு 5 கிலோ. ஆக 7 கிலோ. இதனை முழுதும் தின்றால் பெரிதாக மெலிய வேண்டியதில்லை. தின்னாமையே தொல்லை.

ஏன் தின்பதில்லை? முதற்காரணம் வெப்பம். பன்றி வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் அற்றது. 18 முதல் 22 டிகிரி வரையிலான வெப்பமே பாலூட்டும் தாய்க்கு ஏற்றது. 25 டிகிரியைக் கடந்தால் அதன் பசி குன்றும். நம் பண்ணைகளில் வளரும் வெள்ளை யார்க்‌ஷயர் இனமோ குளிர்நாடாகிய இங்கிலாந்திலிருந்து வந்தது. சித்திரை வெயிலில் அதன் நிலையைச் சொல்ல வேண்டுமா? இரண்டாவது, சினைக்காலத்தில் அளவுமீறிக் கொழுத்த பன்றி, ஈன்றபின் குறைவாகவே உண்ணும். மூன்றாவது, தலையீற்றுப் பன்றி சிறிதளவே தின்னும். ஆனால் அதன் உடலோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். நான்காவது, தண்ணீர். நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை அது குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். ஐந்தாவது, தீவனத்தின் தரம். உணவகங்களின் மிச்ச உணவில் பெரும்பகுதி நீரே. வயிறு நிரம்பும்; சத்து நிரம்பாது.

வரவு குறைந்தால் என்ன நேரும்? பால் உடனே குறைந்துவிடாது. தாய் தன் கொழுப்பைக் கரைக்கும். பின்னர்த் தசையையும் கரைக்கும். குட்டிகள் கொழுகொழுவென்று இருப்பதைக் கண்டு உடையவர் மகிழ்வார். கடனுக்கு வட்டி ஏறுவதை அவர் அறியார். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இழந்த தாய், குட்டிகளைப் பிரித்தபின் நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் வரவேண்டிய சினைப்பருவத்திற்குக் காலந்தாழ்த்தே வரும். அடுத்த ஈற்றில் குட்டிகளும் குறையலாம்.

என்னிடம் பயின்ற ஒருவர், தலையீற்றுப் பன்றியொன்றை மலடு என்று கசாப்புக்கு விற்க எண்ணினார். அதன் முதுகெலும்பு புடைத்து நின்றது. ஒரு திங்கள் நல்ல தீனி அளித்துப் பாரும் என்றேன். அளித்தார், அது பருவத்திற்கு வந்தது, சினையும் பிடித்தது.

எடை காணத் தராசு வேண்டுவதில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவையும், காதுகளுக்கு இடையிலிருந்து வாலடிவரை நீளத்தையும் மீட்டரில் அளந்துகொள்க. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் 69.3 என்னும் எண்ணாலும் பெருக்குக. சுற்றளவு 1.30, நீளம் 1.50 எனில் எடை சுமார் 176 கிலோ. ஈன்ற மறுநாள் ஒருமுறையும், குட்டிகளைப் பிரிக்கும் நாளில் ஒருமுறையும் அளந்தால் இழப்பு இவ்வளவென்று ஏறத்தாழப் புலனாகும். ஈனுமுன் அளந்த எடையோடு ஒப்பிடலாகாது. அதில் குட்டிகளின் எடையும் அடங்கும்.

செய்ய வேண்டுவன சிலவே. கொட்டிலுக்கு ஓலைக்கூரையும் காற்றோட்டமும் அமையுங்கள். நண்பகலில் தோளின்மீது நீர் சொட்டவிடுங்கள். விடியலிலும் இரவிலும் தீனி வையுங்கள். ஈன்ற முதல் வாரத்தில் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். மிச்ச உணவை நன்கு கொதிக்கவைத்து, தவிடு, புண்ணாக்கு, மக்காச்சோளம் சேர்த்துக் கொடுங்கள். 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் காணப்படும் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலைத் தவிர்க்கவும் கொதிக்கவைத்தல் இன்றியமையாதது. இரண்டாம் வாரம் முதல் குட்டிகளுக்குத் தனித்தீவனம் பழக்கி, தாயின் சுமையைக் குறையுங்கள்.

குட்டிகளைப் பார்த்து மகிழும்போது, தாயின் முதுகையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். அடுத்த ஈற்றின் கணக்கு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.