மலைப்பாதையும் எஞ்சின் கணக்கும்



கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில் பூண்டு பயிரிடும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தார். "ஐயா, கடன் வாங்கிப் பிக்கப் வண்டி ஒன்று வாங்கப் போகிறேன். பெட்ரோல் வண்டியா, டீசல் வண்டியா? நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றார். ஈடாக வைக்கவிருந்ததோ அவர் அன்னையின் நிலம். ஆகவே நாங்கள் இருவரும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அன்று போட்ட கணக்கை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் மலையைப் பாருங்கள். பெரியகுளத்துக்கு அருகே தொடங்கும் ஒற்றையடிப் பாதையில் ஒரு காலத்தில் கூலியாட்கள் சுமைகளைத் தோளில் ஏற்றிச் சென்றார்கள். இன்று லாஸ் காட் சாலையில் மோட்டார்கள் ஏறுகின்றன. தோள் மாறியதேயன்றிச் சுமை மாறவில்லை. ஒரு டன் எடையை அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் வரை, அதாவது சுமார் 1,800 மீட்டர் உயர்த்துவதற்கு ஏறக்குறைய 5 யூனிட் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய சக்தி ஏறக்குறைய 10 யூனிட். அப்படியாயின் அரை லிட்டர் போதுமே என்பீர்கள். போதாது. எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கையே எஞ்சின் வேலையாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே டன்னுக்கு ஒன்றரை லிட்டர் உயர்வுக்கு மட்டுமே செலவாகும்.

இனி, காற்று. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு. காற்றைத் தானே உறிஞ்சும் எஞ்சின், பெட்ரோலாயினும் டீசலாயினும், அங்கே வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்போ என்னும் காற்றழுத்தி பூட்டிய எஞ்சினுக்கு இக்குறை பெரும்பாலும் இல்லை.

டீசல் எஞ்சின் காற்றை மிகுதியாக அழுத்துவதால் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது. குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவையும் தருகிறது. ஆனால் அதன் விலை அதிகம். புகையை வடிகட்டும் இக்காலக் கருவியோ, குளிரில் குறுந்தொலைவே ஓடும் வண்டியில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும்.

விலைக்கு வருவோம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. பெட்ரோலுக்கும் அதற்கும் முன்பிருந்த பெரிய இடைவெளி சுருங்கியது. 2024-இல் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயையும் டீசல் 92 ரூபாயையும் ஒட்டி இருந்தன. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டரும் டீசல் வண்டி 14 கிலோமீட்டரும் ஓடும் எனக் கொண்டோம். கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சம். டீசல் வண்டியின் விலை ஒரு லட்சம் கூடுதல் என்றால், அது 40,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே ஈடாகும்.

"ஆண்டுக்கு எத்தனை நடை போவாய்?" என்று கேட்டேன். வடுகபட்டிச் சந்தைக்கு 26 நடை என்றார். நடைக்கு 150 கிலோமீட்டர் என்றாலும் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் எட்டாது. பத்து ஆண்டு ஆகவேண்டும். கடனோ ஐந்து ஆண்டில் அடைக்கவேண்டியது. அவர் முகம் வாடிற்று.

மற்றொன்றும் கண்டோம். விளைபொருள் மலையிலிருந்து இறங்குகிறது. ஏறுவது பெரும்பாலும் வெறும் வண்டியும் சில உரமூட்டைகளுமே. ஆகவே தேவைக்கு மீறிய பெரிய வண்டி, தன் எடையைத் தானே சுமப்பதற்கு எண்ணெய் குடிக்கும். சுமையோடு இறங்கும்போது உயிரைக் காப்பது குதிரைத்திறன் அன்று; நல்ல பிரேக்கும், தாழ்ந்த கியரில் இறங்கும் பொறுமையுமே. இடைவிடாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மின்சார வண்டி இவ்வகையில் ஒரு விந்தை: இறங்குகையில் சக்தியின் ஒரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பிவிடுகிறது. வழியில் மின்னேற்றும் வசதி பெருகினால், சுமை இறங்கும் மலைக்கு அது ஏற்றதாகும்.

முடிவில் என் மாணவர் செய்தது யாது? அண்டைத் தோட்டக்காரர் இருவரோடு சேர்ந்து மூவருமாக ஒரே டீசல் வண்டி வாங்கினார். ஓட்டம் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டரை ஒட்டும்; மூன்றரை ஆண்டுக்குள் விலை ஈடாகும். அன்னையின் நிலம் ஈட்டுக்குப் போகவேண்டிய தேவையும் எழவில்லை.

நண்பர்களே, எந்த எஞ்சின் சிறந்தது என்று கேட்பதற்கு முன், எவ்வளவு தூரம், எவ்வளவு சுமை, எந்தத் திசையில் என்று கேளுங்கள். பள்ளியில் படித்த பெருக்கல் கணக்கு ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்கும்.