தங்கை தந்த இரத்தம்
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்ணியமிக்க முத்தவல்லி அவர்களே, இமாம் ஹஜ்ரத் அவர்களே, அனகாபுத்தூர் ஜமாஅத் பெரியோர்களே, சகோதரர்களே!

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். இரத்தப் புற்றுநோயிலிருந்து அல்லாஹ்வின் கிருபையால் மீண்டவன் என்பதால் நிர்வாகக் குழுவினர் என்னைப் பேசப் பணித்தார்கள்.

ஓயாத காய்ச்சலும் ஈறில் இரத்தக் கசிவுமாகத் தொடங்கியது. மருந்தால் நோய் அடங்கினாலும் திரும்பக்கூடும். ஆகவே இரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, பிறரிடமிருந்து பெற்று ஏற்றவேண்டும் என்றார்கள்.

யாருடையதும் சேர்ந்துவிடாது. எச்.எல்.ஏ. எனும் திசு அடையாளம் பொருந்தவேண்டும். நம் ஊர்த் தறியில் பாவும் ஊடையும் சேர்வதுபோல, அதில் பாதி தந்தை வழியும் பாதி தாய் வழியும் வருகிறது. உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. எனக்குக் கடைசித் தங்கை மட்டுமே பொருந்தினாள்.

அவளுக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. முதுகெலும்பைத் துளைப்பார்கள், பிள்ளைப்பேறு கெட்டுவிடும் என்று புகுந்த வீட்டார் அஞ்சினர். ஒன்பது நாட்கள் பதில் வரவில்லை. அவர்களைக் குறை கூறமாட்டேன். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இமாம் அவர்கள்தாம் தங்கையின் மாமனாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள்.

நடந்தது இவ்வளவே: ஐந்து நாட்கள் ஊசி, உடல்வலி, தலைவலி. பிறகு கை நரம்பிலிருந்து இரத்தம் ஓர் இயந்திரத்தினுள் சென்று, மூல அணுக்கள் மட்டும் பிரிக்கப்பட்டு, எஞ்சியது அவள் உடலுக்கே திரும்பியது. ஐந்து மணி நேரம் தஸ்பீஹ் ஓதியபடி இருந்தாள்.

சிரமம் என் பக்கம்தான். முதலில் கடும் மருந்தால் என் மஜ்ஜையை அழித்தார்கள். வாயெல்லாம் புண்; தண்ணீரும் இறங்கவில்லை. பெரிய அறுவைசிகிச்சை என்று நினைத்திருந்தேன், கத்தியே படவில்லை. இரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பையிலிருந்து இறங்கியது. அது வேரூன்றும்வரை தனியறை. பிளேட்லெட் அணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் சேமிக்க இயலாதாம்; நம் மஹல்லா இளைஞர்கள் முறைவைத்து வந்து கொடுத்தார்கள். பதினேழாம் நாள் அணுக்கள் பெருகத் தொடங்கின.

வீடு திரும்பியும் பல மாதங்கள் கூட்டத்தில் சேரக்கூடாது. ஜும்ஆவின் பாங்கொலியை வீட்டிலிருந்தே கேட்டது நோயைவிட வலித்தது. என் இரத்தம் முன்பு பி பிரிவு. இன்று தங்கையுடைய ஓ பிரிவு. குழந்தைப் பருவத் தடுப்பூசிகளையும் மீண்டும் போட்டுக்கொண்டேன்!

இந்தியாவில் இச்சிகிச்சை 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் ஒன்பது வயதுச் சிறுமிக்கு முதலில் நடந்தது. செய்தவர் டாக்டர் சுரேஷ் அத்வானி. இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இயங்குபவர். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடைபெறுகிறது.

பொருந்தும் உடன்பிறப்பு இல்லாதோர்? பாதி பொருந்துவோரிடம் பெறும் முறை இன்று உண்டு. முழுப் பொருத்தம் வேண்டின் அந்நியரிடம்தான் தேடவேண்டும். அதுவும் ஒரே வம்சாவளியினரிடமே எளிதில் கிட்டும், தமிழருக்குத் தமிழரிடம். சென்னையில் 2009-இல் தொடங்கப்பட்ட தாத்ரி அமைப்பு இதற்கான பதிவேட்டை நடத்துகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவித் தந்தால் போதும்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளியின் மஜ்ஜையை அழித்தபின் கொடையாளி பின்வாங்கினால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே பெயர் கொடுக்குமுன் வீட்டாரிடம் பேசிவிட்டு வாருங்கள். அஸர் தொழுகைக்குப்பின் இங்கேதான் இருப்பேன்.